மக்கும் பெட்டி வாங்கினால் போதுமா?

கேள்வி: "நான் போன பிறகு என்னால் மண் கெடக் கூடாது, புதைத்துவிடுங்கள்" என்கிறார் அம்மா. மக்கும் சவப்பெட்டி வாங்கினால் போதுமா? அஸ்தி என்றால் அதில் மரம் நடலாமாமே?

பதில்: பெட்டியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எதை வாங்குவது என்பதைவிட, குழிக்குள் எதைப் போகவிடாமல் தடுப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில், எம்பாமிங் வேண்டாம்; அதாவது, உடல் கெடாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது. அதில் உடலுக்குள் செலுத்தப்படும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மண்ணில் அது மெல்லச் சிதைந்துவிடும். அதிகம் பாதிக்கப்படுவது அன்றாடம் அதைக் கையாளும் ஊழியர்கள்தான். ஓரிரு நாள் தாமதமானாலும் குளிர்பெட்டியே போதும்.

அடுத்து ஆழம். ஆறடிக்குக் கீழே காற்றும் நுண்ணுயிர்களும் குறைவு. உடல் மக்க நெடுங்காலம் ஆகும். மூன்று, மூன்றரை அடியில் வேலை வேகமாக நடக்கும். மேலே மண்ணை மேடாகக் குவித்துவிட்டால் விலங்குகள் தோண்டாது. நிலத்தடி நீர்மட்டம் மேலே இருக்கும் இடமும், கிணறு அருகில் இருக்கும் இடமும் மட்டும் வேண்டாம்.

உடையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பருத்தி ஆடைதானே என்று உடுத்துவார்கள். தையல் நூல் பாலியஸ்டராக இருக்கும், பொத்தான் பிளாஸ்டிக். தைக்காத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுவதே மேல். பெட்டி கட்டாயமென்றால் மூங்கில் அல்லது வார்னிஷ் அடிக்காத சாதா மரம் போதும். பசை போட்டு ஒட்டிய பிளைவுட், உலோகக் கைப்பிடி வேண்டாம். உடலை மக்கவைக்கும் என்று சொல்லி, காளான் விதைத்த உடையும் விற்கிறார்கள்; சாதாரணத் துணியைவிட அது மேல் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

அஸ்தியில் மரம் நடுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். அப்படியே வேரில் கொட்டினால் கன்று கருகிவிடும். கொஞ்சமாக எடுத்து நிறைய மண்ணோடு கலந்தால் பரவாயில்லை. அப்புறம், எரிக்கும்போது எரிபொருள் செலவாவதோடு, பல்லில் அடைத்த பாதரசமும் புகையாகப் போகும்.

உடலையே மரச்சீவல், வைக்கோலோடு மக்கவைத்து உரமாக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-ல் அதற்குச் சட்டம் இயற்றியது. அனுமதியுள்ள இடங்களில் மட்டுமே அது முடியும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உங்கள் இடுகாட்டு நிர்வாகத்திடம், குழிக்குள் கான்கிரீட் அறை கட்டுவது கட்டாயமா, பெட்டியில்லாமல் புதைக்கலாமா, எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால், இறந்த பிறகு அதை எடுத்துவிடவும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். அதன் பேட்டரி மண்ணுக்குள் போகக் கூடாது. அம்மாவின் விருப்பத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். துக்க வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.