காபிக் கோப்பையில் அச்சிட்ட நேர்மை

கேள்வி: கிருஷ்ணகிரி புறவழிச்சாலையில் உள்ள ஒரு சங்கிலித்தொடர் காபிக் கடையில் ஒரு காபிக்கு 250 ரூபாய் கொடுத்தேன். ‘காபிக்கொட்டை நெறிமுறைப்படி கொள்முதல் செய்யப்பட்டது’ என்று காகிதக் கோப்பையில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பலாமா? என் பணத்தில் விவசாயிக்கு எவ்வளவு போயிருக்கும்?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பணக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். இத்தகைய கடைகளில் ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 18 கிராம் தூள் செலவாகும். வறுக்கும்போது கொட்டையின் எடை குறைந்துவிடுவதால், அந்தத் தூளுக்கு 21 அல்லது 22 கிராம் பச்சைக் கொட்டை தேவை. தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற நல்ல விலையே கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும், அவர் கைக்குப் போனது 11 ரூபாய்தான். மீதி முழுவதும் லாபம் என்று எண்ணிவிட வேண்டாம். இடத்தின் வாடகை, ஊழியர் சம்பளம், பால், குளிர்சாதனம், விளம்பரம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

கோப்பையில் இருந்த வாசகம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த நெறிமுறையை வகுத்தவர் யார் என்று கேட்பது அவசியம். எடுத்துக்காட்டாக, ஸ்டார்பக்ஸ் நிறுவனம் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற சூழலியல் அமைப்புடன் சேர்ந்து 2004-இல் ‘கஃபே பிராக்டிசஸ்’ என்னும் விதித்தொகுப்பை உருவாக்கியது. தோட்டங்களை வெளியார் வந்து தணிக்கை செய்கிறார்கள் என்றாலும், வாங்குபவரே வகுத்த விதிகளைக் கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார்கள். விவசாயிக்கு நியாய விலை கிடைப்பதற்கான ‘ஃபேர்டிரேட்’ (நியாய வணிகம்) முத்திரையோ வாங்கும் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வருவது. அதில் விலைக்கு ஓர் அடிமட்டம் உண்டு: 2023 ஆகஸ்டு முதல், கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கொட்டைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலருக்குக் குறைத்துத் தரக்கூடாது. சந்தை விலை அதைத் தாண்டினால் சந்தை விலையைத் தரவேண்டும். பெங்களூரா மாங்காய் விலை சரியும் ஆண்டுகளில், பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று உங்கள் மாவட்டத்து விவசாயிகள் மாங்கூழ் ஆலைகளிடம் கேட்பதும் இந்த அடிமட்ட விலையைத்தானே? ஆகவே, ‘நெறிமுறை’ என்ற சொல்லைக் கண்டால், அதில் விலைக்கு உறுதி உண்டா, மரத்துக்கும் மண்ணுக்கும் மட்டும்தான் உறுதியா என்று பாருங்கள்.

கேள்வி: தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வரை சாலையோரமெங்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள். இதுவும் பெயரை விற்கும் வேலைதானே?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: ஆம், பெரிய நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆயினும், அந்தப் பெயர் ஒருவருடைய தனிச்சொத்து அன்று. தண்ணீர் கலக்காத பாலையும் புதிதாக இறக்கிய டிகாக்ஷனையும் அது குறிப்பதாகவே மக்கள் புரிந்துகொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது சிக்கரியை. சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும், கலப்பு அளவைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். ஆனால் நம் கைக்கு வரும் தபராவில் அது எழுதியிருக்காது. அப்படிப்பட்ட ஒரு கடையில் தூள் பொட்டலத்தைக் காட்டும்படி நான் கேட்டேன். வரிசையாகத் துலக்கி அடுக்கிய பித்தளைத் தபராக்களுக்குப் பின்னால் அதைத் தேடி எடுக்கவே அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. கலப்பு அளவு அச்சிட்டிருந்த ஓரம் கிழிந்து போயிருந்தது.