நடிகர் முகங்கள் நாற்பது இருக்கின்றன, ஓவியக் கல்லூரிக்கு அது போதுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன், ஊர் திருநெல்வேலி. ஓவியக் கல்லூரியில் இளங்கலை சேர ஆசை. போட்டோ பார்த்துப் பென்சிலில் வரைந்த நடிகர் முகங்கள் நாற்பது வரை இருக்கின்றன. விண்ணப்பிக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. போர்ட்ஃபோலியோவை, அதாவது காட்ட வேண்டிய படங்களின் கோப்பை, எப்படித் தயார் செய்வது? பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா?

போதாது. அதில் நன்றாக வந்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அலமாரியில் வைத்துவிடுங்கள். வருத்தப்பட வேண்டாம். ஒரு முகத்துக்காக மணிக்கணக்கில் உட்காரும் பொறுமை உங்களுக்கு இருக்கிறது என்று அந்த நாற்பதிலேயே தெரிகிறது. பலருக்கு இல்லாதது அதுதான். இனி எதன் முன்னால் போய் உட்காருகிறீர்கள் என்பது மட்டும் மாற வேண்டும்.

நான் சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். இப்போது வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். விண்ணப்பக் காலம் வந்துவிட்டால் கோப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான். திறந்தால் ரஜினி, விஜய், அப்துல் கலாம். நடுவில் இரண்டு மலை, ஒரு சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். கைத்திறமை நிஜமாகவே இருக்கும். ஆனால் இந்தப் பையன் தன் கண்ணால் எதையாவது பார்த்திருக்கிறானா என்று அந்தப் படங்களை வைத்துச் சொல்ல முடியாது.

போட்டோவில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆழம் தட்டையாகிவிட்டது, வெளிச்சம் அப்படியே நின்றுவிட்டது, படத்தின் ஓரம் எங்கே என்பதையும் கேமரா முடிவு செய்துவிட்டது. கட்டம் போட்டு அதைத் தாளுக்கு மாற்றினால் தெரிவது உங்கள் கை. தேர்வு செய்கிறவர்கள் பார்க்க நினைப்பது உங்கள் கண். எதிரே இருக்கும் பொருளில் எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், எங்கே தடுமாறித் திருத்தினீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். போட்டோவிலிருந்து வரைந்ததை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நிழல் முழுக்க ஒரே கறுப்பாக இருக்கும். நேரில் பார்த்தால் நிழலுக்குள்ளேயும் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தெரியும். முடி ஒவ்வொன்றும் மின்னும், ஆனால் தலை கழுத்தின் மேல் உட்கார்ந்திருக்காது. செல்ஃபி என்றால் மூக்கு பெருத்து, காது பின்னால் போயிருக்கும். கிட்டத்தில் வைத்து எடுத்ததால் வரும் கோளாறு அது.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கே விண்ணப்பிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் என்றால் நுழைவுத் தேர்வில் அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும். பரோடா, சாந்திநிகேதன் கலாபவனம் போன்ற இடங்களிலும் செய்முறைத் தேர்வு இருக்கிறது. மேசையில் ஒரு குடத்தையும் ஒரு துணியையும் வைத்துவிட்டு வரையச் சொன்னால் கையில் போன் இருக்காது, கட்டமும் இருக்காது. நேரில் பார்த்து வரைந்து கோப்பைச் சேர்த்தவருக்கு அது இன்னொரு நாள் வேலை. மற்றவர்கள் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டே நேரத்தைக் கழிப்பார்கள். எத்தனை படம், என்ன அளவு, மூலப்படமா, கணினியில் ஏற்ற வேண்டுமா என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி, வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருட ப்ராஸ்பெக்டஸை, அதாவது கல்லூரியின் சேர்க்கைக் கையேட்டை, வரி விடாமல் படியுங்கள். யூடியூபில் யாரோ சொன்னதை நம்பாதீர்கள். நான் சொல்வதையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, என்ன வரைவது?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பித்தளைச் செம்பு, ஒரு மண்சட்டி, இரண்டு வெங்காயம், கீழே மடிப்பு விழுந்த ஒரு பழைய வேட்டி. ஒரே பக்கத்திலிருந்து ஒரு விளக்கு, மற்ற விளக்கெல்லாம் அணைத்துவிடுங்கள். முதலில் வாய்வட்டங்களைப் பிடியுங்கள். பொருள் கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் செம்பின் வாயைவிட அதன் அடிப்பக்க வளைவு இன்னும் விரிந்து தெரியும். அடியை நேர்க்கோடாகப் போட்டால் செம்பு மேசையில் நிற்காமல் மிதக்கும். அப்புறம் நிழல். ஒளி நேரே படும் இடம், அரைநிழல், அடர்நிழல், அதன் ஓரத்தில் திரும்பி வரும் மங்கல் வெளிச்சம், மேசையில் விழும் நிழல் என்று ஐந்தையும் பிரித்துப் பாருங்கள். இதே ஐந்தும் பித்தளையில் சடசடவென்று மாறும், மண்சட்டியில் மெதுவாக மாறும், துணியில் மடிப்புக்கு மடிப்பு திரும்ப வரும். இந்த வித்தியாசம் படத்தில் தெரிந்தால் போதும், பக்கத்தில் பொருளின் பெயர் எழுத வேண்டியதில்லை.

அளவெடுக்கப் பழகுங்கள். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் செம்பின் அகலத்தைப் பிடித்து, உயரத்தில் அது எத்தனை தடவை போகிறது என்று பாருங்கள். பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தையும் வரையுங்கள். செம்பை வரையும்போது மூளை தனக்குத் தெரிந்த செம்பைத்தான் போடப் பார்க்கும். வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது, அதனால் அங்கே கண் சொல்வது அப்படியே தாளுக்கு வரும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சைக்கிள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்று ஒரு பெயர்பெற்ற கல்லூரி இருக்கிறது. அங்கே விண்ணப்பிப்பவர்கள் ஒரு சைக்கிளை வரைந்து அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை பல வருடங்கள் இருந்தது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் இப்போதே பார்க்காமல் ஒரு சைக்கிள் வரைந்து பாருங்கள். பலர் செயினை முன்சக்கரத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள், அல்லது சட்டத்தின் குறுக்குக் குழாயை ஹேண்டில்பார் திரும்பவே முடியாதபடி முன்சக்கரத்தோடு இணைத்துவிடுவார்கள். தினமும் ஓட்டுகிற வண்டிதான்! பிறகு தெருவில் நிற்கும் ஒரு சைக்கிள் முன்னால் உட்கார்ந்து பெரிய தாளில் வரையுங்கள். கொஞ்சம் சாய்வாக நின்று பார்த்தால் சக்கரம் இரண்டும் நீள்வட்டமாகும், ஆரக்கம்பிகளின் இடைவெளி ஒரு பக்கம் நெருங்கும். இந்த ஒரு படம் உங்கள் கோப்பில் பத்து நடிகர்களுக்குச் சமம்.

அடுத்தது மனிதர்கள். உங்களுக்கு ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கிறது, வேய்ந்தான்குளம் பேருந்து நிலையம் இருக்கிறது, காய்கறிச் சந்தை இருக்கிறது. ஓவியக் கல்லூரி மாணவர்கள் காலங்காலமாக ரயில் நிலையத்தில் போய் வரைவதற்குக் காரணம், அங்கே மனிதர்கள் காத்திருப்பார்கள். மூட்டை மேல் சாய்ந்து தூங்குகிறவர் பத்து நிமிடமாவது அசைய மாட்டார், டீ குடிக்கிறவர் அரை நிமிடத்தில் திரும்பிவிடுவார். இரண்டு வகையும் வேண்டும். அரை நிமிடப் படத்தில் கண், மூக்கு எதுவும் வேண்டாம். உடம்பின் பாரம் எந்தக் காலில், எந்தக் கையில் இறங்குகிறது என்ற ஒரு கோடு போதும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவில் வரையுங்கள், அழிக்க முடியாது என்பதாலேயே கண் கூர்மையாகும். யாராவது ஏன் வரைகிறாய் என்று கேட்டால் புத்தகத்தைக் காட்டிவிடுங்கள், பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊரில் எங்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில். அந்தத் தூண்களில் இருக்கும் கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரன், மன்மதன், ரதி எல்லாம் ஆளுயர நாயக்கர் காலச் சிற்பங்கள். காசு வாங்காமல், அசையாமல் நிற்கிற மாடல்கள். கோயிலில் அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் உருவம் என்றால் கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு விட்டுப் பாருங்கள், அது பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். இது பிடிபட்டால் உங்கள் உருவங்கள் விழாமல் நிற்கும். ஓவியர் சில்பி இப்படிக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளை நேரில் பார்த்து ஆனந்த விகடனுக்கு வரைந்தார். அவரும் எழும்பூர்க் கல்லூரியில் படித்தவர்தான். பழைய விகடன் எங்காவது கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். கல்லின் கனத்தை வெறும் பேனாக் கோட்டில் எப்படிக் கொண்டுவந்திருக்கிறார் என்று தெரியும். சென்னைக்கு வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நில்லுங்கள். ஒரே உடம்பில் இரண்டு இடுப்பு, இரண்டு தோள். வரைந்து பார்த்தால்தான் அந்தச் சிற்பியின் தைரியம் புரியும்.

இவற்றோடு கண்ணாடி பார்த்து உங்கள் முகம், உங்கள் இடது கை, செருப்போடும் செருப்பில்லாமலும் பாதம். முகம் வரைய ஆசையிருந்தால் அம்மாவை உட்கார வையுங்கள். அசைவார், திட்டுவார், நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார். அந்தப் படம்தான் கோப்பில் இருக்க வேண்டும். திருவிழா, சந்தை, பேருந்து நிறுத்தம் மாதிரி ஒரு தலைப்பை எடுத்து, ஸ்கெட்ச் புத்தகத்தில் சேர்த்த மனிதர்களை வைத்து இரண்டு மூன்று வண்ணப் படங்களும் செய்துவிடுங்கள். நுழைவுத் தேர்வில் இந்த மாதிரித் தலைப்பு கொடுத்து வரையச் சொல்வது வழக்கம்.

எத்தனை படம் என்று ப்ராஸ்பெக்டஸில் இல்லையென்றால் பதினைந்திலிருந்து இருபது போதும். முன்னே சொன்ன அமெரிக்கக் கல்லூரி கேட்பதே 12 முதல் 20 வரைதான். போர்ட்ஃபோலியோ கல்யாண ஆல்பம் இல்லை, எல்லாரும் இருக்கிறார்களா என்று சரிபார்ப்பதற்கு. சுமாரான ஒரு படம் பக்கத்திலிருக்கும் நல்ல படத்தையும் சந்தேகப்பட வைக்கும். தெரிந்தவர்களிடம் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள், எல்லாம் சூப்பர் என்பார்கள். எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள், பதில் வரும். ஸ்கெட்ச் புத்தகத்தைக் கிழிக்காமல் முழுதாகக் கொண்டுபோங்கள். அதை விரும்பிப் புரட்டுகிறவர்கள் உண்டு.

தாள், பென்சில் விஷயத்தில் செலவு வேண்டாம். ஏ3 அளவில் கார்ட்ரிட்ஜ் எனும் கெட்டியான வரைதாள், 2பி, 4பி, 6பி பென்சில்கள், கொஞ்சம் சார்கோல் எனும் கரிக்குச்சி. சார்கோல் படம் தேய்ந்துவிடாமல் இருக்க, கரியைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடித்து, மேலே பட்டர் பேப்பர் வையுங்கள். ஹேர்ஸ்பிரே அடிக்கிறவர்களும் உண்டு. அது நாளாக மஞ்சளிக்கும், விண்ணப்பம் வரைக்கும் தாங்கும். தாளைச் சுருட்டாதீர்கள். சுருட்டிய தாள் மேசையில் விரித்ததும் திரும்பச் சுருண்டுகொள்ளும், பார்க்கிறவர் நான்கு மூலையையும் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். இரண்டு கெட்டி அட்டையைத் துணி டேப்பில் ஒட்டி நாடா கட்டினால் கோப்பு தயார்.

கணினியில் ஏற்றச் சொன்னால் காலை வெளிச்சத்தில், வெயில் நேரே படாத திண்ணையில் படத்தைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்துங்கள். போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து, ஓரடி பின்னால் வந்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். கிட்டத்தில் எடுத்தால் தாளின் ஓரங்கள் வளையும். ஃபிளாஷ் வேண்டாம். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலி வேண்டவே வேண்டாம், அது தாளை வெளுப்பாக்குகிறேன் என்று நீங்கள் பாடுபட்டுப் போட்ட மெல்லிய நிழலையெல்லாம் துடைத்துவிடும்.

நேர்காணல் இருந்தால் பிடித்த ஓவியர் யார் என்று கேட்பார்கள். ரவிவர்மா என்பதோடு நிறுத்தாதீர்கள். எழும்பூர்க் கல்லூரி 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னால் நின்றவர். ஓவியர் ஆதிமூலம் காந்தியை வரைந்த கோட்டோவியங்களைப் பாருங்கள். கும்பகோணத்துக்குப் போகிறீர்கள் என்றால் பத்திரிகை ஓவியர் கோபுலு அங்கே படித்தவர் என்பது தெரிந்திருக்கட்டும். பெயர்களை ஒப்பிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்றால் அதில் எந்த இடம் பிடித்திருக்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும்.

கடைசியாகப் பயிற்சி வகுப்பு. நானே வகுப்பு எடுக்கிறவன், இருந்தாலும் சொல்கிறேன்: கட்டாயமில்லை. உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் அரசு நடத்தும் லோயர், ஹையர் டிராயிங் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவராக இருந்தால், வாரம் ஒரு முறை அவரிடம் படங்களைக் காட்டித் திருத்தம் கேளுங்கள், மூன்று மாதத்துக்கு அது போதும். வகுப்பில் சேர்வதானால் சேரும் முன் ஒரு நாள் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் நடுவில் வைத்த பொருளைப் பார்த்து வரைகிறார்களா, அல்லது ஆசிரியர் போர்டில் போட்டதைப் பார்த்து வரைகிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் பணத்தை மிச்சப்படுத்தித் தாள் வாங்குங்கள். மாணவர்கள் எல்லாருடைய கோப்பும் ஒரே மாதிரி வருகிற வகுப்புகளும் இருக்கின்றன, அதே குதிரை, அதே பாட்டி, அதே நிழல். தேர்வு செய்கிறவர்களுக்கு அந்தப் பாட்டியை நன்றாகத் தெரியும்.