மாசி மாதக் கூந்தன்குளம்: கேள்வி பதில்

மதுரையிலிருந்து ஒருவர்: அண்ணா, மாசி பாதியாகிவிட்டது. இனிமேல் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனால் பறவை இருக்குமா?

தாராளமாகப் போங்க தம்பி. வலசை வந்து திரும்புகிறது, அங்கேயே கூடு கட்டுகிறது என்று இரண்டு கூட்டத்தையும் சேர்த்துப் பார்க்கிற நேரம் இது. வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் பக்கம் திரும்பத் தயாராகும். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டியிருக்கும். தீபாவளிக்கு வெடி போடாமல் அவற்றைக் காக்கிற ஊர் அது. குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் பட்டை மாட்டிய வாத்து கண்ணில் பட்டால், எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுங்கள். எங்கே மாட்டிய பட்டை என்று அந்த எழுத்தை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பார்கள். அழகான நூறு படத்தைவிட எனக்கு அது ஒன்று பெரிது.

இன்னொருவர்: நாரையின் வெள்ளை இறகெல்லாம் படத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

பின்னால் தண்ணீர் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, ஒரு ஸ்டாப் (-1) வரை குறையுங்கள். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் மேல் கானல் ஆடும். அப்புறம் எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் படம் கூர்மையாக வராது. விடியும்போதே கரையில் இருங்கள்.

மற்றொருவர்: கூட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் சார்?

இத்தனை அடி என்று நான் சொல்லமாட்டேன். பறவை சொல்லும். இறகு கோதிக்கொண்டிருந்த நாரை சட்டென்று நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்னால் வாருங்கள்.

உச்சி வெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குடை மாதிரி நிற்கும். அந்த நிழலில் குஞ்சுகள் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு கிடக்கும். நீங்கள் அதை எழுப்பிவிட்டால் வெயில் நேரே குஞ்சு மேல். காக்கையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

ஆள்காட்டிக் குருவி இன்னும் பாவம். வெறுந்தரையில், கூழாங்கல் மாதிரி நான்கு முட்டை. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துவந்து அதன்மேல் உட்கார்ந்து சூடு தணிக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் அடுத்த அடி வைக்காதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள். கூட்டை மறைக்கிற கிளையை ஒடிப்பதும், போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வேறொருவர்: என்னிடம் மொபைல் மட்டும்தான். வெளியூர் போகவும் வழியில்லை.

காசு சேர்ந்தால் முதலில் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற 8x42 பைனாகுலர் வாங்குங்கள், கேமரா பிறகு. அதுவரை, தெருவில் பூத்திருக்கிற கல்யாண முருங்கை போதும். காலையில் அரைமணி நேரம் அதன் கீழே நின்றால் மைனா, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் வரும். ஊதாத் தேன்சிட்டு ஆணைக் கவனியுங்கள்: மஞ்சள் மார்பின் நடுவே மைக்கோடு இழுத்த மாதிரி இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு முழுக்கப் பரவி மினுமினுக்கும்.