கோல்டு போனால் என்ன போகும்?

வணக்கம். வேலை நிமித்தம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அலைகிறேன். அடிக்கடி பறப்பவர்களுக்காக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்தும் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் எனக்கிருக்கும் எலைட் கோல்டு தகுதி டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க 50,000 எலைட் மைல் (பறப்பதற்குக் கணக்கில் ஏறும் புள்ளி) வேண்டும், 43,600தான் இருக்கிறது. சும்மாவாவது போய்வந்து மைலைத் தேற்றிவிடலாமா? சில்வருக்கு இறங்குவது பதவியைப் பிடுங்கியது மாதிரி இருக்கிறது. அற்பத்தனம்தான்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அற்பத்தனம் ஒன்றுமில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து பழகியவரை அடுத்த பந்திக்கு நிற்கச் சொன்னால் யாருக்கும் முகம் சுருங்கும். ஆனால் இலையில் என்ன குறைகிறது என்று பாருங்கள்.

கோல்டு தருவது 20 கிலோ கூடுதல் லக்கேஜ், லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வுக்கூடம்), செக்-இன்னிலும் ஏறும்போதும் முன்னுரிமை. எகானமி இருக்கையை பிசினஸாக மாற்றித் தராது. பிசினஸ் டிக்கெட் எடுத்தவருக்கு லவுஞ்சும் முன்னுரிமையும் டிக்கெட்டிலேயே இருக்கின்றன. ஆக, இந்த அட்டைக்கு உண்மையான வேலை எகானமியில்தான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இது கண்ணெதிரே தெரியும்: எகானமியில் போகும் கோல்டுகாரருக்கு கிரிஸ்ஃப்ளையர் கோல்டு லவுஞ்ச், பிசினஸ்காரருக்கு சில்வர்கிரிஸ் என்ற வேறு லவுஞ்ச். கதவே வேறு.

உங்கள் பள்ளம் 6,400. சென்னை–சிங்கப்பூர் ஒருவழி சுமார் 1,800 மைல். எகானமியிலேயே மலிவான லைட் டிக்கெட்டில் பறந்த மைலில் பாதிதான் ஏறும், அதாவது போய்வர 1,800. நாலு தடவை போய்வர வேண்டும். ஒரு தடவைக்கு 30,000 ரூபாய் என்று வைத்தாலே 1,20,000. அடுத்த வருடம் ஆறு முறை பறப்பீர்கள் என்றால் ஒவ்வொரு முறைக்கும் 20,000. சாதாரண நாளில் லவுஞ்ச் சாப்பாட்டுக்கும் 20 கிலோவுக்கும் கவுன்ட்டரில் அவ்வளவு எண்ணி வைப்பீர்களா? நான் வைக்க மாட்டேன். (முறுக்கும் ஊறுகாயும் சுமக்கும் குடும்பஸ்தர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறலாம்.)

அதற்கு முன், ஏறாமல் போன மைல் இருக்கிறதா என்று தேடுங்கள். கணக்கைத் திறந்து இந்த வருடப் பயணங்களை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். நம்மவர்களுக்கு வழக்கமாகச் சறுக்குவது இனிஷியலில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், உறுப்பினர் கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது. பயணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். போர்டிங் பாஸையும் டிக்கெட் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மைலைக் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கு எலைட் மைல் கிடையாது, அதைத் தேட வேண்டாம். இன்னொன்று, கணக்கில் வருவது பறந்த தேதி. டிசம்பரில் டிக்கெட் போட்டு ஜனவரியில் பறந்தால் அது அடுத்த கணக்கு.

அதன்பிறகும் பள்ளம் மிஞ்சினால், கம்பெனிக்காக எப்படியும் போகவேண்டிய பயணத்தைப் பிடியுங்கள். லைட்டுக்குப் பதில் விலை கூடிய ஸ்டாண்டர்டு டிக்கெட் கேளுங்கள், வித்தியாசத்தை நீங்களே கட்டுங்கள். போய்வர முழு 3,600 ஏறும். அப்படி இரண்டு பயணம் அமைந்தால் கோல்டு நிற்கும். அமையாவிட்டால் சில்வரோடு ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள்.