கல்யாண வீடியோ எடுக்க எந்த மாதிரி கேம்கார்டர் வாங்கலாம்?

கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாக இருப்பதுதான் கேம்கார்டர். மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுவதற்கென்றே செய்தது. முதலில் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லின் அளவைப் பாருங்கள். வாய் அகன்ற பாத்திரம் மழைநீரை அதிகம் பிடிப்பது போல, பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தைப் பிடிக்கும். அதனால் மங்கலான மண்டபத்திலும் 1 இன்ச் சென்சாரில் படம் ஓரளவு சுத்தமாக வரும். 1/3 இன்ச்சில் மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அப்புறம் ஒலி. ஒலி அளவை ஆட்டோமேட்டிக்கில் விட்டால் கெட்டிமேளத்துக்குக் கருவி தானாகச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த நொடி ஐயர் சொல்லும் மந்திரம் அமுங்கிவிடும். மைக் அளவைக் கையால் திருப்பும் வசதியும் வெளி மைக்கைச் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் கட்டாயம் வேண்டும் என்பேன். இரண்டு கார்டு போடும் மாடலாக இருந்தால், ஒன்று நிறைந்ததும் மற்றதில் பதிவு தொடரும்.

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் டிஜிட்டல் ஜூமைப் பலர் பெரிய சக்தி என்று நினைக்கிறார்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே, லென்ஸ் வழியாகக் கிட்டே கொண்டுவருவது ஆப்டிகல் ஜூம்தான்.