கயாக்கின் அடிமூட்டில் கசிவு: பெயின்ட் போதாது

உங்கள் கயாக்கின் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) அடிமூட்டில், அதாவது அடிப்பலகைகள் சேரும் இடத்தில், தண்ணீர் கசிகிறது, இன்னொரு கோட் பெயின்ட் அடித்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது. பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பாலியெஸ்டர் ரெசின் (பூசியபின் கெட்டியாகும் பிசின்) பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். அடிமூட்டிலுள்ள ரெசினைச் சுரண்டியெடுத்துவிட்டு, எபாக்சியும் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின்) கண்ணாடி இழை நாடாவும் வைத்து மறுபடி ஒட்டுங்கள்.

பெரும்பாலும் ரெசின்தான் காரணம். பாலியெஸ்டர் மரத்தை இறுகப் பிடிப்பதில்லை. படகு நெளியும்போது ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். ரெசின் விளிம்பில் கத்தி முனையை நுழைத்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல்போல ஒரே பட்டையாக உரிந்து, அடியில் மரம் வெறுமையாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மர நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தால் ஒட்டு சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கம்பி போட்ட துளைகளைச் சோதியுங்கள். பலரும் அவற்றை அடைக்க மறந்துவிடுகிறார்கள்.

கசியும் இடம் தெரிய, வெளிப்பக்க மூட்டில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, படகுக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டும். அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அந்த எடைக்கு நல்ல மூட்டும் பிளந்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஈர மரத்தில் எபாக்சியும் பிடிக்காது. தண்ணீர் ஊற்றிச் சோதித்த மறுநாளே பூசி, ஒரு வார வேலையை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பூசுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (எபாக்சி இறுகுவதற்குக் கலக்கும் திரவம்) கூட்டாதீர்கள். விகிதம் தவறிய எபாக்சி பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.