சாட்ஸ்வொர்த்தில் கார் ஓட்ட இந்திய லைசென்ஸ் போதுமா?

கேள்வி: கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலுக்கு அர்ச்சகராக மூன்று வருட விசாவில் வந்திருக்கிறேன். தமிழ்நாட்டில் எடுத்த கார் லைசென்ஸ் இருக்கிறது. இன்டர்நேஷனல் பெர்மிட் சீக்கிரம் முடிகிறது. உடனே இங்கே லைசென்ஸ் எடுங்கள் என்கிறார்கள் சிலர், தேவையே இல்லை என்கிறார்கள் சிலர். வீட்டு ஹோமங்களுக்கு ஃபீனிக்ஸ், டொங்காட் வரை போய்வர வேண்டும். சில நாள் கோயில் வேனையும் ஓட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, காருக்கு ஒரு பதில், வேனுக்கு வேறு பதில். உங்களுக்குச் சொன்னவர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள்.

முதலில் கார். தற்காலிக விசாவில் இருப்பவரின் சொந்த நாட்டு லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கும்வரை, விசா நடப்பில் இருக்கும்வரை, தென்னாப்பிரிக்காவில் அதை வைத்து ஓட்டலாம். அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இந்நாட்டு ஆட்சி மொழிகளில் ஒன்றில் இருக்க வேண்டும், அல்லது மொழிபெயர்ப்புச் சான்றோ இன்டர்நேஷனல் பெர்மிட்டோ கூட இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் தமிழை மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் ஆட்சி மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, ஆகவே அந்தப் பெருமை டிராஃபிக் போலீஸிடம் உதவாது. உங்கள் அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் கவலையில்லை.

இன்டர்நேஷனல் பெர்மிட் முடிவதைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். இந்தியாவில் தருவது ஒரு வருடத்துக்குத்தான், அதுவும் மூல லைசென்ஸின் நிழல்போல. மூல அட்டை காலாவதியானால் பெர்மிட்டில் தேதி பாக்கியிருந்தும் பயனில்லை. நீங்கள் இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டியது அட்டையில் உள்ள கடைசித் தேதியைத்தான். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்திய லைசென்ஸைக் காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். தேதி தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் போனால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயது கடந்தவர் டாக்டர் சான்றும் வைக்க வேண்டும். ஆகவே விடுமுறைக்கு ஊர் போகும்போது, தேதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று விடாமல், புதுப்பித்துக்கொண்டே திரும்புங்கள். ஓட்டும்போது அட்டை கையில் இருக்கட்டும். போனில் டிஜிலாக்கரைக் காட்டித் தப்புவது இந்தியாவோடு சரி.

நாளைக்கே நிரந்தர வதிவுரிமை கிடைத்தால் கணக்கு மாறும். அப்போது இந்திய லைசென்ஸைத் தென்னாப்பிரிக்க லைசென்ஸாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு. வதிவுரிமைக் கடிதம் வந்த வாரமே லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

கோயில் கமிட்டியிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, அதில் வெளிநாட்டு லைசென்ஸ்காரர் ஓட்டலாம் என்று எழுத்தில் உண்டா? நம் ஊரில் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பெட்ரோல் டீசல் விலையிலேயே ஒரு வரி பிடித்து, சாலை விபத்து நிதி என்று ஒன்று நடத்துகிறார்கள். அது ஆளுக்கு அடிபட்டால் ஈடு தரும், நசுங்கின காருக்குத் தராது. நீங்கள் இடித்தது ஒரு புது பக்கியாக (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இருந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி வேன். ஓட்டுநரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ உட்காரும்படி செய்த மினிபஸ் என்றால், சாதாரண லைசென்ஸ் போதாது. தொழில்முறை ஓட்டுநர் பெர்மிட் வேண்டும். இங்கே பிஆர்டிபி என்பார்கள். பயணிகளை ஏற்றும் வகைக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், குற்றப் பின்னணியும் பார்ப்பார்கள். சின்ன வண்டியாக இருந்தாலும் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றினால் இதே விதிதான். 'பக்தர்களைத்தானே கூட்டிப்போகிறோம், காசா வாங்குகிறோம்' என்று கமிட்டியில் சொல்வார்கள். பன்னிரண்டு இருக்கை இருந்தால் காசு வாங்காததும் காப்பாற்றாது. வண்டியில் எத்தனை இருக்கை என்று எண்ணிப் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் காவடித் திருவிழா நாளில்கூட அந்தச் சாவியை வாங்காதீர்கள். சங்கடமாக இருக்கும், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

வேன் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மட்டும், உள்ளூர் லைசென்ஸ் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாதவர் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று கொண்டுபோங்கள். உங்கள் பெயரில் கார் வாங்கிப் பதிவு செய்யவும் இதே எண் வேண்டும் என்பதால் எப்படியும் வீண் போகாது. அடுத்தது லேர்னர்ஸ்: கண் பரிசோதனை, கைரேகை, 64 கேள்விகள். சாலை விதி, அடையாளப் பலகை, வண்டியின் கட்டுப்பாடுகள் என்று மூன்று பகுதி. மூன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தமிழில் கிடையாது. இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம் என்பதால் விதிகள் சுலபம். நான்கு பக்கமும் ஸ்டாப் போட்ட சந்திப்பில் முதலில் வந்தவர் முதலில் போவது என்பதை மட்டும் நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். லேர்னர்ஸ் 24 மாதம் செல்லும்.

கே53 என்கிற ஓட்டுத் தேர்வில்தான் பத்து வருடம் ஓட்டினவரும் விழுகிறார். வண்டி ஓட்டத் தெரியாமல் அல்ல. கிளம்புமுன் வண்டியைச் சுற்றி நடந்து, டயரைப் பார்த்து, குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, நகருமுன், திரும்புமுன், பின்னால் எடுக்குமுன் கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேல் தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் ஓட்டினால் தேர்வாளருக்குத் தெரியாது. தலை திரும்பவில்லை என்றால் அபராதப் புள்ளி விழும். ஸ்டாப் கோட்டில் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். ஊர்ந்துபோவது நம் ஊரில் நின்றதாகவே கணக்கு, இங்கே அது தோல்வி.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது மேட்டில் கிளப்புவது. வண்டி ஒரு விரற்கடை பின்னால் உருண்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி, கிளட்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் சத்தம் கனத்து, பானெட் முன்பக்கம் சற்றே எழும்பும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். பயிற்சிக்கு எங்கேயும் தேடிப்போக வேண்டாம், சாட்ஸ்வொர்த்தில் மேடுக்குப் பஞ்சமா?

இதற்குப் பயந்து ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுக்கலாம் என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். கொடுக்கலாம், ஆனால் அட்டையில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று குறித்துவிடுவார்கள். கோயில் வேன் கியர் வண்டியாக இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். 'பாஸ் கியாரண்டி' என்று தனியாகப் பணம் கேட்கும் இடைத்தரகர் பக்கம் போகவே வேண்டாம். பொய் லைசென்ஸ் பிடிபட்டால் அடுத்த விசாவுக்கே ஆபத்து.

இந்த வாரம் அட்டைத் தேதியைப் பாருங்கள், கமிட்டியிடம் இன்ஷூரன்ஸ் தாளைக் கேளுங்கள், வேனில் இருக்கைகளை எண்ணுங்கள். பதினொன்றோ அதற்குக் குறைவோ இருந்து, கட்டணமும் வாங்கவில்லை என்றால், கே53 பற்றி நினைக்காமல் ஃபீனிக்ஸுக்குக் கிளம்பலாம்.